எழுத்தாணிப்பூண்டின் பால்

தோழி,

இந்த நேரத்தில் எழுதுகிறேனே என்று கோபிக்காதே. மகள் இப்போதுதான் கண் அயர்ந்தாள். பகலில் என்னைப் பேனா தொட விடமாட்டாள். அவளுக்கு மூச்சு சீராக வருகிறதா என்று இரண்டு வரிக்கு ஒரு தடவை குனிந்து பார்த்துத்தான் எழுதுகிறேன். விரல்கள் வேறு பிசுபிசுக்கின்றன. இன்றைக்கு எழுத்தாணிப்பூண்டு ஆய்ந்தேன். எத்தனை தரம் கழுவியும் அந்தக் கசந்த வாசம் போகவில்லை. அதோடு நீயும் வந்துவிட்டாய்.

கல்லூரி விடுமுறையில் செட்டிபாளையத்தில், உன் வீட்டுக்குப் பின்னால் கடல் மணலில், முதன்முதல் அதைக் காட்டினாய். அடம்பன் கொடிக்குப் பக்கத்தில் மணலோடு மணலாகக் கிடந்தது. ஒரு நூல் ஓடி, வேர் விட்டு, சக்கரம்போல இலை விரித்து, மறுபடி நூல் ஓடி இன்னொரு சக்கரம். மஞ்சள் பூ. எங்கே கிள்ளினாலும் பால்.

"விடுதியில வெள்ளைக்காரத் துரைசாணிக்குத் தட்டில வைக்கிற சலாதுக் கீரைக்கு இவள் சொந்தக்காரி கா. சீதனம் இல்ல, அதான் கடற்கரையில கிடக்காள்" என்றாய். சிரித்து முடிப்பதற்குள் உன் முகம் மாறியது. இலையைச் சுண்டித் தின்றால் தாய்க்குப் பால் ஊறும் என்றாய். பூண்டின் பாலை நாக்கில் தடவினால் பிள்ளை உறங்கும், ஆனால் அதை ஒருநாளும் செய்யாதே என்றாய். "பசிச்ச புள்ளைய நித்திரையாக்கப் படாது கா."

பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க வந்த பிறகு அதை நீ நாவற்குடாப் போடியார் வீட்டிலும் சொன்னாய். உன்னிடம் படித்த அவருடைய மகளுக்குத் தலைப்பிள்ளை. நாலு நாளாகியும் பால் இறங்கவில்லை. நீ ஒரு கட்டுப் பூண்டு கொண்டுவந்தாய். போடியாரின் மனைவி, பெற்றவளின் தாய், அதை வாங்கி வைத்துக்கொண்டு, உன் தலை மறைந்ததும் சொன்னாள்: "பச்ச உடம்புக்குக் குளிர்க்கீரையா? பத்தியம் முறிஞ்சா இவளா வந்து பாப்பாள்?"

அயல்வீட்டுக்காரியாக நான் அங்கே வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் குப்பையில் இலையெல்லாம் முழுதாகக் கிடந்தது. தண்டுகளை மட்டும் ஒடித்துப் பிழிந்திருந்தார்கள். பிள்ளைக்குச் சீனித்தண்ணீர் பருக்கும் சங்கின் அடியில் பூண்டின் பால் பழுப்பாக உறைந்திருந்தது. பிள்ளை அழவில்லை. "பார், எவ்வளவு அடக்கமான புள்ள" என்று வீடே மெச்சியது. பசியோடு உறங்கிய பிள்ளை அடுத்த விடியலில் எழும்பவில்லை.

செத்த வீட்டில் போடியாரின் மனைவி உன்னைக் கைநீட்டிக் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது: "படிச்ச திமிர்ல கண்ட கீரையையும் குடுத்து எங்கட புள்ளையச் சாக்காட்டிப்போட்டாள்!" நீ என்னைப் பார்த்தாய். நான் நிலத்தைப் பார்த்தேன். அப்பா போடியாரின் வயல்வட்டையில்தான் வேளாண்மை செய்தார். நான் வாய் திறந்தால் அடுத்த போகம் எங்களுக்கு வயல் இல்லை. பள்ளிக்கூடம் உன்னை இனி வரவேண்டாம் என்றது. கரடியனாற்றுக்குப் போனாய். இரண்டாவது மாரியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது.

இன்று பொழுதுபடும் நேரம் அதே அம்மா என் வாசலில் வந்து நின்றாள். அவள் மகளுக்கு மறுபடி பிள்ளை. மறுபடி பால் இல்லை. மாட்டுப்பாலைக் குடித்தால் கக்குகிறதாம்.

"அந்தக் கீரை உனக்குத் தெரியுமாமே மனே. கொஞ்சம் ஆஞ்சு தா."

"குளிராச்சே?"

"இப்ப என்னத்துக்குப் பழங்கதை? புள்ள பசியில கிடக்கு."

"அண்டைக்கும் ஒரு புள்ள பசியிலதான் கிடந்திச்சு. சங்கில நீங்க என்னத்தப் பிழிஞ்சீங்க எண்டு நான் கண்டனான்."

அவள் முகம் வெளிறியதைப் பார்க்க எனக்கு இனித்தது. உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும்? வெள்ளிக்கிழமை கோயிலில், எந்தச் சனத்துக்கு முன்னால் உன்னைப் பழித்தாளோ அந்தச் சனத்துக்கு முன்னால் உண்மையைச் சொல்லட்டும், பிறகு கீரை தருகிறேன் என்றேன். அவள் படியிறங்கிப் போய்விட்டாள். இத்தனை வருடம் நான் காத்திருந்த நிமிடம் அதுதான்.

ஆனால் என் மகளுக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தபோது, அவள் ஒரு பக்கம் குடிக்க மறுபக்கம் தானாக வடிந்து சேலை நனைந்தது. எனக்கும் தொடக்கத்தில் பால் போதவில்லை. நீ சொன்னபடி சுண்டித் தின்றேன், ஊறியது. வெள்ளி வர இன்னும் மூன்று நாள். அந்தப் பிள்ளை மூன்று நாள் தாங்காது.

ஆகவே விடிந்ததும் போகப்போகிறேன். இரவே ஆய்ந்து வைத்த இலையைக் கொடுப்பதற்கு மட்டுமல்ல. பிள்ளை பார்க்க வந்த பெண்களெல்லாம் இருக்கும் நடுவீட்டில் உட்கார்ந்து, அவள் பேரப்பிள்ளையை மடியில் போட்டுப் பால் கொடுப்பேன். யார் சொன்ன கீரையில் ஊறிய பால் இது, முதல் பிள்ளை எதைக் குடித்துச் செத்தது, இரண்டையும் உரத்துச் சொல்வேன். பிள்ளை என் மடியில் இருக்கும்வரை அவளால் என்னை வெளியே போ என்று சொல்ல முடியாது. பெற்றவளுக்குப் பால் இறங்கும்வரை தினம் போவேன், தினம் சொல்வேன். அப்பாவின் வயல் போனால் போகட்டும்.

இதை அவளுக்குத் தரும் மன்னிப்பு என்று நினைத்துவிடாதே. அன்றைக்கு நான் வாய் திறக்காததற்கு இது ஈடாகுமா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. அதை நீதான் சொல்ல வேண்டும். கனவிலாவது வந்து சொல். சுறுக்காக மறுமொழி தா.