சுடுகாட்டு மல்லித் தூள்

இயேசு மரி சூசை துணை

கொட்டகலை
26.10.1964

அன்புள்ள ஜோசப்பின் அறிவது,

ஆஸ்பத்திரியிலிருந்து நீ எழுதிய கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. மகள் பெற்றீசியாவுக்குக் காய்ச்சல் திரும்பவும் வந்துவிட்டது என்ற வரிக்குப் பிறகு வெகுநேரம் எதுவும் கண்ணில் ஏறவில்லை. இங்கே மழை விடவில்லை. நம் கோழி ஒன்பது குஞ்சு பொரித்திருக்கிறது. அவளிடம் சொல்.

நான் செய்தது மடத்தனம்தான். இரத்தப் புற்றுக்குச் சுடுகாட்டு மல்லியிலிருந்து வெளிநாட்டில் மருந்து எடுக்கிறார்கள், இங்கே இன்னும் வந்து சேரவில்லை என்று டாக்டர் ஐயா சொன்னதாகப் போன மாதம் எழுதினாயே. நம் தேயிலைத் தோட்டத்துக் கல்லறை முழுக்க அந்தச் செடிதானே! இருபது வருடம் ஃபெக்டரியில் கொழுந்து வாட்டியவனுக்கு இது ஒரு வேலையா என்று நினைத்துவிட்டேன். ராக்காயி அக்கா தன் புருஷன் குழிமேல் நட்டதைத் தானே பறித்துத் தந்தாள். "பூ மறுபடி மொளச்சுக்கும், புள்ள நல்லபடியா வரட்டும்" என்றாள். ஃபெக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர், நான் அங்கே அந்த இலையைப் பரப்பியதைப் பார்த்தும் பார்க்காதது போல் போய்விட்டார். வாட்டி, உருட்டி, உலர்த்தி ஒரு பிஸ்கட் டின் நிறையத் தூள் எடுத்தேன்.

அதை அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு உன் பதிலும் இந்தக் கடிதத்தில்தான் இருந்தது. லொறிக் கணக்கில் இலை போட்டாலும் ஊசி முனையளவுதான் மருந்து தேறுமாம். வீட்டில் காய்ச்சிக் கொடுத்தால் பிள்ளைக்கு விஷமாம். நாலரை ராத்தல் கொழுந்துக்கு ஒரு ராத்தல் தூள் என்பதைத் தவிர எனக்கு என்ன தெரியும்? மருந்து நம் காலடியில்தான் முளைத்துக் கிடக்கிறது, எடுக்கத்தான் நமக்கு வக்கில்லை. அழுகையாக வருகிறது ஜோசப்பின். டின்னோடு மண்ணில் புதைத்துவிட்டேன்.

வருகிற திங்கள் கல்லறைத் திருநாள். நான் பறித்ததில் ஒரு குழியிலும் பூ இல்லை. யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. நேற்று நானும் தம்பி சூசைரட்ணமும் தலவாக்கலையிலிருந்து கன்று கொண்டுவந்து எல்லா இடத்திலும் நட்டோம். நம் மூத்தவன் ஞானரட்ணத்தின் குழிக்குப் பக்கத்தில் கிடக்கும் வெற்றிடத்தில் மட்டும் நான் நடவிடவில்லை. ஏன் என்று தம்பி கேட்டான். அந்த இடத்தைத் திரும்பிப் பார்க்காமல் இறங்கி வந்துவிட்டேன்.

இனி மருந்துக்காகக் காத்திருக்க வேண்டாம். டாக்டர் ஐயாவிடம் கெஞ்சிக் கேள். அவளால் ரயிலில் ஜன்னலோரம் உட்கார முடிகிற நாளிலேயே கூட்டிக்கொண்டு வா. ஸ்டேஷனில் இருந்து நான் தூக்கி வருகிறேன். குஞ்சுகளுக்குப் பெயர் வைக்காமல் வைத்திருக்கிறேன், அவளே வைக்கட்டும்.

மாதா உங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகவே வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
கஸ்பர்