ஓடாத காருக்குச் சேர்விஸ்

வெள்ளிக்கிழமை, இரவு

இண்டைக்குக் காரை, வாங்கின வவுனியாக் கொம்பனிக்கே கொண்டுபோய்க் காட்டினம். வாரண்டி இன்னும் முடியேல்லை, அதுக்குள்ளை ஏசி குளிரேல்லை. கவுண்டரில் இருந்த பிள்ளை கொம்பியூட்டரைப் பாத்திட்டு, "ஐயா, முதல் சேர்விசுக்குப் பிறகு நீங்கள் வரவேயில்லையே?" எண்டாள்.

இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஓடினாத்தானே பிள்ளை சேர்விஸ்? ஐயாயிரம் கிலோமீற்றரே இன்னும் ஓடேல்லை" எண்டார்.

"ஐயாயிரம் கிலோமீற்றர், இல்லாட்டி ஆறு மாசம், எது முந்துதோ அதுதான் கணக்கு ஐயா. நிப்பாட்டி வைச்சாலும் ஒயில் பழுதாகும்."

இவரின்ரை முகம் சுருங்கிப் போச்சு. வாரண்டி இல்லாமல் போச்சுதோ எண்டு நான்தான் கேட்டன். ஏசிப் பிழைக்கும் சேர்விசுக்கும் சம்பந்தமில்லை, அதைச் செய்து தருவினமாம். ஆனால் எஞ்சினிலை பிழை வந்தால், சேர்விஸ் விட்டதாலைதான் எண்டு கையை விரிக்கலாமாம்.

திரும்பி வரேக்கை புளியங்குளத்தடியிலை எனக்குக் கோபம் முட்டிப் போச்சு. காரைத் தார்ப்பாய்ப் படங்காலை மூடி வைச்சிட்டு, மழைக்குள்ளையும் என்னை மோட்டச்சைக்கிளில் நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்கு ஏத்தினவர். "ஆருக்காக மூடி வைச்சனீங்கள்?" எண்டு கேட்டன்.

"நீர் பென்சன் எடுத்தாப் பிறகு ரெண்டுபேரும் நாலு இடம் போகேக்கை, உமக்குப் புதுசாய் இருக்கட்டும் எண்டு..."

எனக்குக் கோபம் நிக்கேல்லை. "பென்சன் வரேக்கை வரட்டும். திங்கக்கிழமை நான் பள்ளிக்கூடத்துக்குக் காரிலைதான் போவன்" எண்டன்.

வீட்டை வந்ததும், நான் இருக்கிற சீற்றிலை, கார் வாங்கேக்கை போட்டுத்தந்த பொலித்தீனை அவரே கிழிச்சு எடுத்தார்.

அவரின்ரை சீற்றுப் பொலித்தீன் அப்பிடியே கிடக்கு.