சீஷம் காட் பூங்காவில் பிடிபட்ட கல்யாண மாலைகள்

அனுப்புநர்
கோ. பாலசுப்ரமணியம்,
செய்தியாளர்,
மந்திர் மார்க்,
புது தில்லி.

பெறுநர்
திரு. சிவஞானம் அவர்கள்,
துணை இயக்குநர்,
ஆற்றோரப் பூங்காக்கள் அலுவலகம்,
தில்லி.

பொருள்: சீஷம் காட் பூங்கா – ஆடிப் பதினெட்டு அன்று இறுதிச் சடங்குப் பொருள் என்று கருதி எடுத்துவைக்கப்பட்ட இரண்டு திருமண மாலைகளைத் திருப்பித் தருவது – அதற்காக ‘இறந்தவர் பெயர்’ கேட்பதைக் கைவிடுவது – படித்துறைக் கதவை ஒரு காலை வேளை திறந்துவிடுவது – தொடர்பாக.

இணைப்பு: இம்மனுவின் இந்தி வடிவம், அலுவலக உபயோகத்திற்கு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மாலைகள் இரண்டும் பத்திரமாக இருக்கின்றன. இன்று வெள்ளிக்கிழமை காலை தங்கள் அலுவலகத் தலைமை எழுத்தர் திரு. ஜக்தீஷ் பிரசாத் அவற்றை எனக்குக் காட்டினார். தம் அறை அலமாரியின் மேல், மழை ஒழுகாத பக்கமாகப் பார்த்து, பழைய இந்தி நாளிதழ் ஒன்றை விரித்து அதன்மேல் வைத்திருக்கிறார். ரோஜா இதழ்கள் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன. நாரும் சரிகையும் சம்பங்கியும் அப்படியே உள்ளன. மாலைகளைத் திருப்பித் தரத் தமக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் தங்கள் கையெழுத்து இல்லாமல் தர இயலாது என்றார். தாங்கள் லக்னோவிலிருந்து திரும்பி வரும் திங்கட்கிழமை, ஆகஸ்ட் 11 அன்று, அலுவலகம் வருவீர்கள் என்ற தகவலும் அவர் தந்ததுதான்.

2. “சாப் பீ மதராஸி ஹைன்” என்று, தாங்களும் நம் பக்கத்துக்காரர் என்பதை அவர் மகிழ்ச்சியோடு சொன்னதால் தமிழில் எழுதுகிறேன். தங்கள் சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம் என்றும் சொன்னார். ஆகவே ஆடிப் பதினெட்டைப் பற்றி ஓரிரு வரிகள் எழுத அனுமதிக்க வேண்டும். வைகை தங்கள் பக்கம் வந்து சேரும்போது கொண்டாடுவதற்கு அதில் அதிகம் மிச்சம் இருப்பதில்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். காவிரிக் கரை ஊர்களில் அன்று குடும்பம் குடும்பமாகப் புதுவெள்ளம் பார்க்கப் போவார்கள். கலந்த சாதம் கட்டிக்கொண்டு போய்க் கரையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அந்த ஆண்டு கல்யாணமான தம்பதிகள் தங்கள் மாலைகளை எறிந்துவிடாமல் அதுவரை ஆணியில் மாட்டி வைத்திருந்து, அன்று இருவரும் சேர்ந்து ஆற்றில் விடுவார்கள். கல்யாண மாலை ஓடுகிற தண்ணீரில் போக வேண்டும், குப்பையில் போகக் கூடாது. வழக்கம் அவ்வளவுதான், மந்திரமும் இல்லை, புரோகிதரும் இல்லை.

3. சம்பந்தப்பட்டவர்கள்: மாப்பிள்ளை லட்சுமணன், ராணுவ வீரர், லடாக்கில் பணி. பெண் செல்வி. மாப்பிள்ளையின் தந்தை கருப்பசாமி, தினக்கூலிக் கொத்தனார். பெண்ணின் தாய் பொன்னம்மாள், எங்கள் வீடு உள்பட மந்திர் மார்க்கில் சில வீடுகளில் வேலை செய்பவர். இரு குடும்பமும் பெரியார் மாவட்டம் பவானியிலிருந்து வந்து நிஜாமுதீன் அருகே குடிசைப் பகுதியில் வசிக்கின்றன. கல்யாணம் ஆனி மாதம் பவானியில் நடந்தது. மாலைகள் ஒரு பிஸ்கட் டின்னில் ரயிலேறி தில்லிக்கு வந்தன. லட்சுமணனின் விடுப்பு முடிகிறது. புதன்கிழமை, 13ஆம் தேதி இரவு, ஜம்மு ரயிலில் அவர் புறப்பட்டாக வேண்டும். அடுத்த ஆடியில் விடுப்புக் கிடைக்குமா என்று அவருக்கே தெரியாது. அதற்குள் மாலைகள் அவர்கள் கைக்கு வர வேண்டும். இருவருமாக ஆற்றில் விட வேண்டும். இந்த மனுவின் சாரம் அதுதான்.

4. சீஷம் காட் பூங்காவைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போகிறவன் நான். மே மாத வெயிலிலும் அந்த மரங்களுக்கு அடியில் காற்று வரும். வேர்க்கடலைக்காரர், காற்றாடி விடுகிறவர்கள், டிரான்சிஸ்டரைக் காதோடு ஒட்டவைத்துக்கொண்டு கிரிக்கெட் கேட்கிறவர்கள், புல்வெளியில் ஸ்வெட்டர் பின்னுகிற பெண்கள் என்று பாதி தில்லி அங்கே இருக்கும். ஆகஸ்டில் யமுனை கரை நிறைய செம்மண் நிறத்தில் ஓடுகிறது. பவானிக்காரர்களுக்கு அதைப் பார்த்தால் கை கால் நிற்பதில்லை. படித்துறைக்குப் போகிற இரும்புக் கதவும், படிகளில் போட்டிருக்கிற சங்கிலியும் வெள்ளக் காலத்தில் மிகவும் அவசியமானவை. கரையில் வேறு எங்கும் அத்தனை பத்திரமாக இறங்க முடியாது. இவர்கள் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம்.

5. பூங்காவில் இறுதிச் சடங்குகள் செய்யக் கூடாது என்று வாசலில் பலகை இருக்கிறது. நல்ல விதி. சாம்பல் சட்டிகளும் சவ மாலைகளும் படிகளில் கிடந்த காலத்தையும் நான் பார்த்திருக்கிறேன். காவலாளி ராம்தீன் அந்த விதியைக் கடைப்பிடிக்கிற மனிதர். கடந்த ஞாயிறு, 3ஆம் தேதி, அவர் கண்ணில் பட்டதை அவர் நிலையிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

6. முதலில், வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் மொட்டைத் தலையோடு ஆற்றைப் பார்த்தபடி நின்றார். அது கருப்பசாமி. மகன் கல்யாணம் நல்லபடி முடிந்ததற்குப் பழனியில் முடி காணிக்கை கொடுத்துவிட்டு வந்திருந்தார். அடுத்து, ஒரு டின்னிலிருந்து இரண்டு காய்ந்த மாலைகள் வெளியே வந்தன. அதன்பின் பொன்னம்மாள் தூக்குச் சட்டியைத் திறந்தார். நல்லெண்ணெயும் எள்ளும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கே போய்த் தேடி வாங்கிச் செய்த எள்ளுச் சாதம். நம் பழக்கப்படி அவர் அதைக் கையில் உருட்டி உருட்டி ஒவ்வொருவருக்கும் கொடுக்க ஆரம்பித்தார். தாங்கள் தில்லியில் பல ஆண்டுகள் இருப்பவர். மொட்டைத் தலை, ஆற்றங்கரை, கறுப்பு எள் கலந்த சோற்று உருண்டை. இவை மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் இந்த ஊரில் அதற்கு என்ன பொருள் என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

7. ராம்தீன் சற்றுத் தொலைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பசியோடு பார்க்கிறார் என்று பொன்னம்மாள் நினைத்துவிட்டார். பெரிய உருண்டையாக ஒன்றை எடுத்துப் போய் “காவ் பையா, காவ்” என்று, சாப்பிடு அண்ணா என்று, அவர் உள்ளங்கையில் வைத்தார். ராம்தீன் அதைச் சாப்பிடவும் முடியாமல், கீழே போடவும் முடியாமல், கையை நீட்டியபடியே நின்றார். பிறகு மிக மெதுவான குரலில், யார் இறந்தது என்று இந்தியில் கேட்டார். யாரும் சாகவில்லை, இது கல்யாண மாலை என்று பொன்னம்மாள் தமக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார். அப்படியானால் அவர் தலை ஏன் மழித்திருக்கிறது என்று ராம்தீன் கருப்பசாமியைக் காட்டினார். பழனி மலை முருகனை இந்தியில் எப்படிச் சொல்வது என்று கருப்பசாமிக்குப் பிடிபடவில்லை. கைகூப்பி மேலே காட்டினார். யாரோ மேலே போய்விட்டார் என்று ராம்தீனுக்கு உறுதியாயிற்று.

8. இதற்குள் புதுப்பெண் செல்விக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ராம்தீன் அருகே போய், “ரோ மத், பேட்டி” என்று, அழாதே மகளே என்று, ஆறுதல் சொன்னார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, மாலைகளை இரு கைகளாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, படித்துறைக் கதவைப் பூட்டிவிட்டு, அலுவலகத்தை நோக்கி நடந்தார். நான் அப்போது அங்கே இருந்தேன். என் பத்திரிகையாளர் அடையாள அட்டையைக் காட்டிப் பேசிப் பார்த்தேன். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டார். அவர் மீது எனக்கோ அந்தக் குடும்பத்துக்கோ வருத்தம் கிடையாது. முன்பின் தெரியாத வீட்டுத் துக்கத்துக்கு அவர் காட்டிய மரியாதையை நான் அதிகம் பார்த்ததில்லை. துக்கம்தான் இல்லை.

9. புகார் இனிமேல்தான் வருகிறது. திங்கட்கிழமை எல்லோருமாகத் தங்கள் அலுவலகத்துக்குப் போனோம். தலைமை எழுத்தர் தேநீர் வரவழைத்தார். நடந்ததைக் கேட்டுச் சிரித்தார். உதவவும் முன்வந்தார். மறுநாள் அமாவாசை, உங்கள் பக்கத்திலும் விசேஷமாமே, அன்றைக்கே வந்து காரியத்தை முடித்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னதும் பொன்னம்மாள் தேநீரை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். ஆடி அமாவாசை அன்று கல்யாண மாலையை ஆற்றில் விடுவதா என்று கேட்டார். தொடர்ந்து அவர் தமிழில் சொன்ன மற்றவற்றை நான் இந்தியாக்கவில்லை.

10. பிறகு படிவம் வந்தது. எடுத்துவைத்த இறுதிச் சடங்குப் பொருளைத் திருப்பித் தர ஒரே படிவம்தான் அலுவலகத்தில் இருக்கிறது. அதில் இறந்தவர் பெயர் என்று ஓரிடம் உண்டு. அதைக் காலியாக விட விதி அனுமதிக்காது. யாராவது ஒரு பெயர் எழுதுங்கள், உங்கள் தாத்தா இறந்திருப்பார் இல்லையா என்று தலைமை எழுத்தர் கருப்பசாமியிடம் கேட்டார். நல்லெண்ணத்தில் கேட்டதுதான். கருப்பசாமிக்கும் அது சரியாகவே பட்டது. தம் பாட்டன் செத்து எத்தனையோ காலம் ஆயிற்று, எழுதினால் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று சொல்லிப் பேனாவை வாங்கினார்.

11. அப்போது பொன்னம்மாள் சொன்னதை அப்படியே தருகிறேன்:

“இருங்க சம்மந்தி. இந்த மாலைய உங்க பாட்டனுக்கா போட்டோம்? போட்டது இந்த ரெண்டு பேருக்குங்க. இதுல யாரு பேர எழுதப் போறீங்க?”

லட்சுமணன் தலையைக் குனிந்துகொண்டார். அதுவரை எதற்கும் சிரித்துக்கொண்டிருந்த செல்வி அப்போது சிரிக்கவில்லை. மருமகன் திரும்பிப் போகிற இடம் என்ன மாதிரியான இடம் என்று பொன்னம்மாளுக்குத் தெரியும். பனிச்சரிவைப் பற்றியும் எல்லையைப் பற்றியும் வீட்டு வேலை செய்தபடி எங்கள் ரேடியோவில் தினமும் கேட்கிறவர் அவர். கருப்பசாமி பேனாவை மேஜை மேல் வைத்தார். தலைமை எழுத்தருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அவர் யாரையும் விளக்கம் கேட்காமல் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். வெளியே வரும்போது, நியாயம் அநியாயம் எல்லாம் தமக்கு வேண்டாம், மாலை வந்தால் போதும் என்று பொன்னம்மாள் என்னிடம் சொன்னார். இந்த மனுவை எழுதச் சொன்னதும் அவரே.

12. அந்த இடத்தில் ‘பொருந்தாது’ என்று எழுதுகிற அதிகாரம் துணை இயக்குநருக்கு உண்டு என்று தலைமை எழுத்தர் இன்று விதியைப் பார்த்துச் சொன்னார். ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது:

அ) அந்த ஒரு சொல்லைத் தாங்களே எழுதிக் கையெழுத்திட்டு, மாலைகளைத் திங்கட்கிழமையே திருப்பித் தர உத்தரவிட வேண்டும்.

ஆ) செவ்வாய்க்கிழமை, 12ஆம் தேதி காலை, படித்துறைக் கதவைச் சற்று நேரம் திறந்துவிட வேண்டும். ராம்தீனே உடன் நிற்கட்டும். சங்கிலிக்கு அப்பால் யாரும் இறங்க மாட்டார்கள். சரிகையை எடுத்துவிட்டுப் பூவையும் நாரையும் மட்டுமே ஆற்றில் விடுவார்கள். சாப்பிட்ட தையல் இலைகளைத் திரும்ப எடுத்துப் போவார்கள்.

இ) முடிந்தால், ராம்தீனிடம் இதற்காக எந்த விளக்கமும் கேட்காமல் விட வேண்டும். இது கருப்பசாமியின் தனி வேண்டுகோள். அவர் தலையில் முடி வளர்ந்துகொண்டிருக்கிறது. அடுத்த முறை பூங்காவுக்கு வரும்போது ராம்தீனுக்குத் தம்மை அடையாளம் தெரியாமல் போகலாம், நாமே போய்ப் பேச வேண்டும் என்கிறார்.

13. இதைச் செய்தியாக நான் எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பவில்லை, அனுப்பப் போவதும் இல்லை.

14. ஆடிப் பதினெட்டு போய்விட்டது; ஆனால் ஆடி முடியுமுன் விட்டால் குற்றமில்லை என்று பவானியிலிருந்து வந்திருக்கிற தந்தி சொல்கிறது. ஆடி அடுத்த சனிக்கிழமை முடிகிறது. அதற்கு முந்திய வெள்ளி சுதந்திர தினம். பாதுகாப்புக்காகக் கரை முழுவதும் மூடியிருக்கும். புதன் காலை லட்சுமணன் பயணச் சீட்டுக்காக ராணுவ அலுவலகத்தில் இருந்தாக வேண்டும்; வியாழனன்று அவர் ஊரில் இல்லை. ஆக மிஞ்சி இருக்கிற காலை செவ்வாய் ஒன்றுதான். தங்கள் முடிவு திங்கட்கிழமை மாலைக்குள் தெரியும் என்று தலைமை எழுத்தர் எதிர்பார்க்கிறார். அலுவலகம் மூடும் வரை வெளி பெஞ்சில் காத்திருப்பேன். முடிவு எதுவானாலும் அன்று இருட்டுமுன் நிஜாமுதீனுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். செவ்வாய்க் காலைக்குப் புளி ஊறவைக்கலாமா வேண்டாமா என்று பொன்னம்மாள் கேட்டிருக்கிறார்.

தங்கள் ஒரு சொல்லை வேண்டி,

கோ. பாலசுப்ரமணியம்
(பொன்னம்மாள், கருப்பசாமி ஆகியோரின் பொருட்டும்)

இடம்: புது தில்லி
நாள்: 8.8.1986