சொர்ணம் சிரித்தால் உட்காரணும்

21 நவம்பர் 1988, திங்கள்

ஃபேக்டரியில் குடும்ப விழா அறிவிப்பை ஒட்டிவிட்டார்கள். டிசம்பர் 18, குவார்ட்டர்ஸ் மைதானம். கயிறு இழுத்தல், கோலம், மியூசிக்கல் சேர் என்கிற நாற்காலி ஓட்டம். வீட்டுக்கு வந்து, "வழக்கம் போல முதல்ல நீ போய்ட்டு வந்துடு. சொர்ணத்தை நான் பாத்துக்கறேன். அப்புறம் கயிறு இழுக்க நான் போறேன்" என்றேன்.

பார்வதம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "குடும்பம்னா நாம மூணு பேரு. போனா மூணு பேரும் போறோம். இல்ல, யாரும் போகல."

எங்கள் பெண் சொர்ணத்துக்கு ஒன்பது வயசு. நடக்க மாட்டாள், பேச மாட்டாள், கழுத்து நிற்காது. சோற்றைக் குழைத்துத்தான் ஊட்டணும், வலிப்புக்கு மாத்திரை. கூட்டத்தில் எதில் உட்கார வைப்பது? கேட்டால் கீரை என் மேல் விழும்.

24 நவம்பர்

விழாக் கமிட்டி செயலாளர் கஜபதியிடம் சொன்னேன். "பேஷா கூட்டிட்டு வாங்க, ரகுநாதன்! அந்த மாதிரி பசங்களுக்குத் தனியா ஒரு ஷாமியானா போட்டுடறோம். மைதானத்துக்கு அந்தக் கோடியில. ஃபேன் வெச்சு. யாருக்கும் தொந்தரவு இருக்காது."

நல்ல மனுஷன். மனசறிந்து கெட்டது சொல்ல மாட்டார்.

பார்வதத்திடம் அப்படியே சொன்னேன். அதுதான் தப்பு. "ஃபேனுக்குக் கீழ தனியா உக்கார நம்ம வீடே போதுமே! யாருக்கு யாரு தொந்தரவு?"

நானும் கத்தினேன். கத்தி முடித்ததும் சொர்ணம் சிரித்துவிட்டாள். எந்தச் சத்தம் நின்றாலும் அவளுக்குச் சிரிப்பு. மிக்ஸி நின்றால் சிரிப்பாள், ஃபேக்டரி சங்கு நின்றால் சிரிப்பாள். உடனே இல்லை, கொஞ்சம் யோசித்துவிட்டு. இந்த வீட்டில் என் கோபத்துக்கு என்ன மரியாதை இருக்கும்?

27 நவம்பர், ஞாயிறு

சாய்ந்து உட்காரும்படி, தலைக்கு அணைப்பு வைத்து, சக்கர நாற்காலி ஒன்று நாமே செய்வது என்று முடிவு. பூந்தமல்லியில் வேம்புலியின் வெல்டிங் பட்டறை. கூட வேலை பார்க்கும் ஜெயராமனும் வந்தார். நாங்கள் ஃபேக்டரியில் ராணுவ டாங்கி செய்கிறவர்கள். ஒரு நாற்காலி பெரிய விஷயமா?

4 டிசம்பர், ஞாயிறு

ஜெயராமன் அடியில் ஒரு தகடு வைக்கச் சொன்னார். நான் அதைவிட கனத்த தகடாகச் சொன்னேன். இரும்பு ஆங்கிள் சட்டத்தை இரட்டையாக்கினோம். வேம்புலி வெல்டிங்கை நிறுத்திவிட்டு, "அண்ணாத்தே, கொயந்த உக்காரப் போவுதா, இல்ல சண்டைக்குப் போவுதா?" என்றான்.

எதற்கும் உடையக் கூடாது என்றேன். "ஒடையாது. நவுரவும் நவுராது" என்றான். அவனுக்கு என்ன தெரியும்.

11 டிசம்பர், ஞாயிறு

மூணு சக்கர மீன்பாடி வண்டியில் நாற்காலி வந்தது. இறக்க நாலு ஆள். பச்சைப் பெயின்ட். வேறு நிறம் ஏனோ எங்களுக்குத் தோன்றவேயில்லை.

வாசற்படிக்குள் நுழையவில்லை. கதவை அளக்க மறந்துவிட்டோம். வெளியே தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறோம்.

பார்வதம் தார்ப்பாயைத் தூக்கி, அடித் தகட்டைத் தட்டிப் பார்த்தாள். "மைதானத்துல கண்ணிவெடி வெச்சிருக்காங்களா?"

17 டிசம்பர்

விடாமல் மழை. மைதானத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். வந்து நாற்காலியின் தார்ப்பாயை இன்னும் இறுக்கிக் கட்டினேன்.

18 டிசம்பர், ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதியே ஆகணும்.

காலையில் மழை விட்டுவிட்டது. சொர்ணத்துக்குப் பட்டுப் பாவாடை, இரட்டைப் பின்னல். கிளம்பும்போது பார்வதம் கதவை இழுத்துச் சாத்தி, நாதாங்கியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். எங்களிடம் பூட்டே இல்லை! வாங்கும்படி நேர்ந்ததில்லை. எப்போதும் யாராவது ஒருத்தர் உள்ளே இருந்தோமே. பக்கத்து வீட்டு ஞானம்மாள் அக்கா தன் டிரங்குப் பெட்டிப் பூட்டைக் கழற்றிக் கொடுத்தாள்.

மைதானத்தின் கோடியில் ஷாமியானா. நாலு பேர் தள்ளினோம். பாதி வழியில், நாற்காலி ஓட்டத்துக்குச் சுண்ணாம்பு வட்டம் போட்டிருந்தார்களே, சரியாக அதன் நடுவில், சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. பிறகு அச்சு வரைக்கும். எட்டுப் பேர் சேர்ந்தும் அசையவில்லை.

"டாங்கி சேத்துல போகுமேப்பா" என்றார் ஜெயராமன் பரிதாபமாக.

கஜபதி விசிலோடு ஓடி வந்தார். "போட்டி ஆரம்பிக்கணும்! குழந்தையை மட்டுமாவது தூக்கிட்டுப் போங்க."

"அந்தச் சேர்லதான் அவ கழுத்து நிக்குது. இங்கயே இருக்கட்டும். சுத்தி ஓடுங்க" என்றாள் பார்வதம். சொன்னவள், தானும் பெண்கள் வரிசையில் போய் நின்றுகொண்டாள். என்னைக் கேட்கவில்லை.

சொர்ணத்தைச் சுற்றி வட்டமாக நாற்காலி போட்டார்கள். கேசட் ஓடியது, நின்றது. எல்லோரும் பாய்ந்து உட்கார்ந்தார்கள். அந்த அமைதியில் சொர்ணம் யோசித்தாள். பிறகு ஹோவென்று சிரித்தாள். மைதானமே திரும்பிப் பார்த்தது.

இரண்டாவது சுற்றில் தகராறு. பாட்டு போடும் மைக்செட் உத்தமனின் மனைவியும் ஆட்டத்தில் இருந்தாள். "பொண்டாட்டி சேர் கிட்ட வரும்போது பாத்து நிறுத்துறான்!" என்று ஞானம்மாள் அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் வந்துவிட்டாள். உத்தமன் மைக்கிலேயே சத்தியம் செய்தான். கஜபதி விசில் ஊதி ஊதிக் களைத்து, கடைசியில் சொர்ணத்தைப் பார்த்தார்.

"பாட்டு நின்னா உக்காரக் கூடாது! பாப்பா சிரிச்சாத்தான் உக்காரணும்! அதுகிட்ட யாரும் சிபாரிசு பண்ண முடியாது."

அப்புறம் நடந்ததை எப்படி எழுதுவேன்? பாட்டு நிற்கும். யாரும் நாற்காலியைப் பார்க்கவில்லை. அவள் வாயையே பார்த்தபடி நடந்தார்கள். ஒரு தடவை கொட்டாவி விட்டாள், அதற்கே இரண்டு பேர் உட்கார்ந்து அவுட். ரேஷன் கடையில் எங்களைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொள்கிறவர்கள் என் மகளின் முகத்தை வைத்த கண் வாங்காமல் பார்த்தார்கள்.

அம்மாக்காரி அவள்தான் ஜெயிப்பாள் என்று எல்லோரும் சொன்னார்கள். நாலாவது சுற்றில் சொர்ணம் சிரித்தபோது பார்வதம் உட்காரவே மறந்து, அவளைப் பார்த்து நின்றுவிட்டாள். அவுட். கயிறு இழுக்க என்னை மூன்று தடவை மைக்கில் கூப்பிட்டார்களாம். காதில் விழவில்லை.

ஞானம்மாள் அக்காவுக்குத்தான் எவர்சில்வர் குடம்.

ஷாமியானாவில் கஜபதியின் மாமனார் ஃபேன் போட்டுக்கொண்டு தூங்கினார்.

19 டிசம்பர்

நாற்காலி இன்னும் மைதானத்தில். சொர்ணத்தை நேற்று தோளில் போட்டுத்தான் கொண்டுவந்தேன்.

24 டிசம்பர், சனி

சேறு காய்ந்தது. தோண்டி எடுத்தோம். வேம்புலி அடித் தகட்டை வெட்டி எடுத்துவிட்டான், சந்தோஷமாக. இனி பார்வதம் ஒருத்தியே தள்ளலாம்.

சாயங்காலம் கஜபதி வீட்டுக்கே வந்தார். பொங்கல் விளையாட்டுக்குப் பாப்பா கட்டாயம் வரணுமாம், பெண்கள் யாரும் உத்தமனை நம்பத் தயாராக இல்லையாம். ஷாமியானா பேச்சையே எடுக்கவில்லை.

அவர் போனதும் ஞானம்மாள் அக்காவின் பூட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆவடி மார்க்கெட்டுக்குப் போய்ப் புதுப் பூட்டு ஒன்று வாங்கினேன். பார்வதம் வாசலில் நின்று இரண்டு மூன்று தடவை பூட்டிப் பூட்டித் திறந்து பார்த்தாள். பிறகு சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.