செம்பருத்தி என்னோடு வருகிறது

ஏங்க, மலர்க் கண்காட்சியில் பத்து மணிக்குள் தொட்டியை வைக்கவேண்டும். நீங்களோ பரிசு வாங்கும் போட்டோவுக்காகத் தலைக்கு டை அடிக்கப் போய்விட்டீர்கள். செம்பருத்தியை நானே ஆட்டோவில் கொண்டுபோகிறேன்.

நேற்று வாசலில் வேல்ராஜ் அண்ணாச்சியிடம், "அவளுக்கு என்ன வே தெரியும்? நான் சொல்லுதேன், அவ தண்ணி ஊத்துதா" என்றீர்களே, காதில் விழுந்தது. படிவத்தில் 'வளர்த்தவர்' என்ற இடத்தில் உங்கள் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதியிருக்கிறேன். என்ன உரம் என்று நடுவர் கேட்டால், புளித்த மோர் என்று சொல்ல ஆள் வேண்டாமா?

ரசம் அடுப்பில் இருக்கிறது. டை காயாமல் தலையணையில் சாயாதீர்கள்.

முத்துமீனாள்

பி.கு.: இலை மினுங்கட்டும் என்று நீங்கள் தேங்காய் எண்ணெய் தடவிய ரோஜாவில் எறும்பு மொய்க்கிறது. அது முழுக்க உங்கள் வளர்ப்பு. செம்பருத்தித் தொட்டிக்கென்று நீங்கள் அச்சடித்து வைத்த 'சிவராமலிங்கம், ஓய்வுபெற்ற தாசில்தார்' அட்டையை அதில் கட்டியிருக்கிறேன்.