வெயிலில் வெந்த தோட்டா

கருவடிக்குப்பம், புதுச்சேரி
மே 18

அன்பு மகள் லேயாவுக்கு அம்மா பொலின் ஆசையோடு எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், எங்களைவிட இந்தக் கத்திரி வெயில்தான் இன்னும் சுகமாக இருக்கிறது. உன் சுகத்தை விவரமாக எழுது, போனில் பிரெஞ்சில் 'சவா', நல்லா இருக்கேன் என்று சொல்வதுபோல் ஒரே வார்த்தையில் முடித்துவிடாதே. போனில் பேசினால் பாதியில் அழுதுவிடுவேன் என்றுதான் பேனாவை எடுத்தேன். பயப்படாதே, நல்ல சேதிதான்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். நீ பிரான்சில் என்ன வேலை பார்க்கிறாய் என்று இங்கே கேட்பவர்களிடம், பட்டாளத்துக்கும் போலீசுக்கும் வெகு தூரத்திலிருந்து குறி பார்த்துச் சுடுகிற தோட்டா தயாரிக்கிறாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'கார்ட்ரிட்ஜ் கம்பெனி' என்று சொல்லிவைத்தேன், தோட்டாவுக்கும் இங்கிலீஷில் அதே பேர்தானே, அது பொய்யும் இல்லையே. ஜெராக்ஸ் கடை வடிவேல் அதைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, கறுப்பு மைதான் சீக்கிரம் தீந்துபோவுது, பாப்பாகிட்ட சொல்லி ரெண்டு அனுப்பச் சொல்லுங்க" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்.

போன ஞாயிறு பூசை முடிந்து, மூலக்குளத்திலிருந்து பொலெத் அம்மாளும் மகன் ஃபாபிரிசும் வந்தார்கள், உன்னைப் பெண் கேட்டுத்தான். பையன் பாரிசில் ஆஸ்பத்திரி நர்ஸ், லீவில் வந்திருக்கிறார். நான் கத்தோ கேக் செய்து வைத்திருந்தேன், ரம் கொஞ்சம் தூக்கல். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. பொலெத் அம்மாள் உன் மை கம்பெனியைப் பற்றி விசாரித்தார்கள். உன் அப்பாவுக்குத்தான் பொய் வராதே, "மை இல்லீங்க மதாம், தோட்டா. ஸ்னைப்பர் துப்பாக்கிக்கு" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாள் கையிலிருந்த கத்தோவைத் தட்டில் வைத்துவிட்டு, "எம் பையன் காயத்துக்குக் கட்டுப் போடறவன், உங்க பொண்ணு காயம் பண்ற சாமான் செய்யறாளே, இது எப்பிடிங்க ஒத்துவரும்?" என்றார்கள். எனக்குச் சமையலறைக்குள் ஓடிவிடலாம் போலிருந்தது.

அப்போதுதான் அப்பா பேசினார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தபோது அவர் ஸ்னைப்பருக்குப் பக்கத்தில் படுத்துத் தூரம் பார்த்துச் சொல்கிறவராக இருந்தாராம், உனக்குத் தெரியுமா? கல்யாணமாகி முப்பத்தொரு வருஷமாக எனக்கே தெரியாது. ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு ஊரில், துப்பாக்கி வைத்திருந்த ஒருவன் ஒரு லாரி டிரைவரைப் பிடித்து முன்னால் நிறுத்திக்கொண்டான். காலையிலிருந்து பேச்சுவார்த்தை, தோட்டாப் பெட்டி பகலெல்லாம் ஜீப்பின் மேல் வெயிலில் கிடந்திருக்கிறது. அப்பா தூரம் சொன்னார், கூட்டாளி சுட்டார், குண்டு குறிக்கு ஒரு சாண் மேலே போய்ச் சுவரில் பட்டது. கல் சிதறி டிரைவரின் ஒரு கண் போய்விட்டது. உயிர் தப்பினார். ஆனால் அப்பா அன்றைக்கே தன் கணக்குதான் தப்பு என்று முடிவு கட்டிவிட்டார். தீபாவளி வெடிச் சத்தத்துக்கு எழுந்து உள்ளே போவாரே, காது வலி என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

"எம் பொண்ணு போன மாசம் சொன்னா," என்றார், "புதுத் தோட்டாவச் சூட்டுல வச்சி சுட்டுப் பாத்தாளாம், மருந்து வேகமா எரிஞ்சி எல்லாம் மேல மேல போவுதாம். இத போலீசுக்கு அனுப்பக் கூடாது, கையெழுத்துப் போட மாட்டேன்னு நிக்கிறா. மேலதிகாரி கத்தறான். வேலைய உட்டுடலாமான்னு கேக்கறா. அவ மாதிரி ஒருத்தி அப்ப இருந்திருந்தா அந்த டிரைவருக்கு ரெண்டு கண்ணும் இருந்திருக்கும்." சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். ஃபாபிரிஸ் தம்பி எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார், அது எனக்குப் பிடித்திருந்தது. பொலெத் அம்மாள் தட்டில் வைத்த கத்தோவைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டு, "இவ்ளோ பிடிவாதமா உங்க பொண்ணு? எம் பையன் யாரு என்ன சொன்னாலும் தலையாட்டறவன், அவனுக்கு இப்பிடி ஒருத்திதான் சரி" என்று சொல்லி, மூன்று துண்டு கத்தோ பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். தம்பி உன் போன் நம்பர் கேட்டார், உன்னைக் கேட்காமல் தரமாட்டேன் என்றேன். தன் நம்பரை எழுதித் தந்திருக்கிறார், உறைக்குள் இருக்கிறது. பேசுவதும் பேசாததும் உன் இஷ்டம்.

உன் வேலை இப்போது எனக்குப் பிடித்துவிட்டது என்று சொல்லமாட்டேன், தோட்டா தோட்டாதான். ஆனால் கத்துகிறார்கள் என்பதற்காக விட்டுவிட்டு வராதே. நீ எழுந்த நாற்காலியில் கையெழுத்துப் போடுகிற ஒருவர் வந்து உட்காருவார். அவர்களே உன்னை வேலையை விட்டு அனுப்பினால் தாராளமாக வா, உன் அறையைப் பெருக்கித்தான் வைத்திருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு, ரொட்டியும் சீஸும் சாப்பாடு ஆகாது.

நேற்று அப்பா தன் பட்டாளத்துப் பெட்டியைத் திறந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். அன்றைக்கு அவர் குறித்த தூரம், காற்று, மணி எல்லாம் அதில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை அவர் கையாலேயே பார்த்து எழுதி இத்துடன் வைத்திருக்கிறார். தோட்டா எவ்வளவு சூடாகியிருக்கும், எவ்வளவு மேலே போயிருக்கும் என்று நீ ஒருமுறை கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டுமாம். தப்பு தன்னுடையது என்றே வந்தாலும் மறைக்காமல் எழுதச் சொன்னார். மறந்துவிடாதே, அந்தப் பதிலை எனக்கு எழுதாதே, அப்பா பெயருக்கே எழுது.

கர்த்தர் உன் கண்ணையும் கையையும் காப்பாராக.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா பொலின்