நாளுக்கு அரை மணித்தியாலம்

செப்டம்பர் 4, வியாழன்

கத்தரிக்கு இறைப்பு முடிந்தது. மிளகாய் நாளைக்கு. கொட்டிலில் கட்டித் தூக்கின விதை வெங்காயத்தில் இரண்டு கட்டுகளை எலி கொறித்துக் கொட்டியிருக்கிறது. ஐப்பசி நடுகைக்கு வைத்தது. நாலு மூலைக்கும் எலி மருந்து வைத்தேன்.

கொட்டிலில் எலியைக் கொன்றுவிட்டு வீட்டுக்குள் வந்தால் அங்கே இரண்டு, கூட்டுக்குள் சொகுசாகக் கரட் தின்கிறது. எலி இல்லையாம், ஜேர்பிலாம், வீட்டில் வளர்க்கிற சாதியாம். போன வருசம் மகள் சாருஜாவின் பன்னிரண்டாவது பிறந்தநாளுக்குத் தாய் குணலட்சுமி வாங்கிக் கொடுத்தவை. நடக்க ஏலாத வருத்தத்தோடு ரவுணுக்குப் போய் வாங்கி வந்தாள். மண்ணிறத்துக்குப் பெயர் கச்சான். கறுப்புக்கு எள்ளு. கூட்டில் அவளுடைய கையெழுத்தில் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறது: "நாளுக்கு அரை மணித்தியாலம் வெளியில் விட வேணும். கதவைப் பூட்டி. பக்கத்தில் இருந்து."

அவள் கண்மூடிப் பதினொரு மாதம். இந்த நாட்குறிப்பில் மழையும் பசளையும் எழுதுகிறவன் இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன்?

செப்டம்பர் 7, ஞாயிறு

சண்டை. ஜேர்பில்கள் அறைக்குள் வைத்திருந்த இறைப்பு மோட்டர் வயரைக் கடித்துவிட்டன. கிழமைக்கு ஒருக்கால் வெளியில் விட்டால் காணும், ஞாயிறு மட்டும் என்றேன்.

"அம்மா நாளுக்கு எண்டு எழுதினவா." என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. துண்டைப் பார்த்துச் சொன்னாள்.

என்னோடு ஒரு நாளைக்கு நாலைந்து சொல். ஓம். இல்லை. பள்ளிக்கூடம் போறன். பசிக்கேல்லை. கதவைப் பூட்டிக்கொண்டு அதுகளோடு இருக்கும்போது மட்டும் வாய் ஓயாது. இன்றைக்கு வெளியில் நின்று கேட்டேன். "எடி எள்ளு, உனக்கு வெக்கமில்லையோ, அவன்ரை பங்கையும் நீ திண்டிட்டாய்." தாயின் குரல் அப்படியே. அங்கே நிற்க ஏலாமல் தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

செப்டம்பர் 10, புதன்

உதயகலா நல்லூரிலிருந்து போன் எடுத்தாள். குணலட்சுமியின் தங்கை. ஒக்ரோபர் 9 ஆண்டுத்திவசம் முடிந்த கையோடு பிள்ளையைத் தன்னிடம் விடட்டாம். "அத்தான், குமராகப் போற பிள்ளை. விடிஞ்சால் பொழுதுபட்டால் தோட்டத்திலை நிக்கிற நீங்கள் என்னண்டு பாக்கிறது? இஞ்சை ரியூசனும் கிட்ட."

சரியாகத்தான் சொல்கிறாள். அதுதான் எரிச்சல். பிள்ளையின் விருப்பம் என்று சொல்லி போனைச் சாருஜாவிடம் கொடுத்தேன்.

"கச்சானையும் எள்ளுவையும் கொண்டு வரலாமோ சின்னம்மா?"

உந்த எலியளை என்ரை மாமி வாசலுக்கும் எடுக்க மாட்டா என்றாள் உதயகலா.

"அப்ப நான் வரேல்லை."

அவ்வளவுதான். அப்பாவுக்காக என்று ஒரு சொல் இல்லை. பரவாயில்லை. இரண்டு எலி என்ரை பிள்ளையைப் பிடித்து வைத்திருக்கிறது. பின்னேரம் அதுகளுக்கு நானே ஒரு கரட் வெட்டிப் போட்டேன்.

செப்டம்பர் 11, வியாழன்

நாளுக்கு அரை மணித்தியாலம் விடலாம் என்று சொல்லிவிட்டேன். ஓம் என்றாள்.

செப்டம்பர் 19, வெள்ளி

சும்மா இரண்டு நாள் நின்று பார்க்கட்டும் என்று உதயகலா வந்து சாருஜாவைக் கூட்டிக்கொண்டு போனாள். போகும்போது பிள்ளை எனக்குப் பாடம் எடுத்தாள். கதவுக்குக் கீழே இடைவெளி இருக்கு, சாக்கு அடைக்க வேணும். கையைத் தரையில் வைத்தால் அதுகளே வந்து ஏறும். போன் பார்க்கக் கூடாது. இவ்வளவு நீளமாக என்னோடு கதைத்து எத்தனை மாதம்!

செப்டம்பர் 20, சனி

சாக்கை அடைத்தேன். கூட்டைத் திறந்தேன். கச்சான் என் முழங்கால் வரைக்கும் ஏறி வந்து என் மூஞ்சையைப் பார்த்தது. சிரிப்பு வந்தது. பிள்ளை இதைத்தான் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருந்தாளா?

மோட்டர் போட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. யன்னலால் பார்த்தால் வாய்க்கால் உடைந்து மிளகாய்க்குள் தண்ணி பாயுது. ஓடினேன். ஐந்து நிமிசம். ஐந்தே நிமிசம். சாக்கைத் திரும்ப அடைச்சனானோ?

அடைக்கேல்லை.

திரும்பி வர எள்ளு மட்டும் கட்டிலுக்குக் கீழை. கச்சான் இல்லை. அலுமாரி இழுத்தன், அரிசிப் பானை பாத்தன், குசினி முழுக்கப் பாத்தன். இல்லை. கொட்டில். ஐயோ, கொட்டிலுக்கை மருந்து. நாலு மூலையும் பொறுக்கி எறிஞ்சன். ஒரு மூலையிலை குறைஞ்சு கிடக்கு. எந்த எலி திண்டதோ? தெரியேல்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

வெங்காயத்துக்குக் கீழே, சாக்கு மடிப்புக்குள் கிடந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிற உடம்பு. வாழ்நாள் முழுக்க எலி கொன்ற கை இது. பப்பாசி மரத்தடியில் கிடங்கு வெட்டித் தாட்டேன்.

மத்தியானம் சாருஜா வந்தாள். உதயகலா வாசலிலேயே, பிள்ளைக்கு நல்லூர் பிடிச்சுப் போச்சு, இனி எலி ஒண்டுதான் தடை என்று சிரித்தாள். அதைக் கேட்டுக்கொண்டு நான் நின்றேன். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"கச்சான் ஓடிட்டுது பிள்ளை. உங்கினை கொட்டில் பக்கம்தான் எங்கையும் நிக்கும்."

அவள் அழவில்லை. பையை வைத்துவிட்டுச் சின்னம்மாவிடம், "கச்சான் வராமல் நான் ஒரு இடமும் வரேல்லை" என்றாள்.

கோதாரி, அந்த நேரம் எனக்கு உள்ளுக்குள் ஒரு ஆறுதல் வந்தது. எழுதவே வெட்கமாக இருக்கு.

செப்டம்பர் 22, திங்கள்

படுக்க முன் கொட்டில் வாசலில் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் சூரியகாந்தி விதை வைத்தாள். எண்ணிப் பத்து. பசித்தால் வருமாம்.

செப்டம்பர் 23, செவ்வாய்

விடிய அவள் எழும்ப முன் போய்ப் பார்த்தேன். பத்தும் அப்படியே கிடந்தது. இதைப் பார்த்தால் முகம் எப்படிப் போகும்? ஆறை எடுத்துச் சேட்டுப் பொக்கற்றில் போட்டேன். யோசித்துச் செய்யவில்லை. கை செய்தது.

"அப்பா! திண்டிருக்கு! ஓடி வாங்கோ, ஆறு திண்டிருக்கு!"

அப்பா என்று கூப்பிட்டாள்.

செப்டம்பர் 24, புதன்

எட்டு.

செப்டம்பர் 26, வெள்ளி

ஒவ்வொரு நாளும் விதை எடுக்கிறேன். ஒவ்வொரு நாளும் கதைக்கிறாள். பள்ளிக்கூடத்துக் கதை, கச்சான் எங்கே வளை தோண்டியிருக்கும் என்ற கதை. எள்ளுவின் கூட்டைக் கொட்டில் வாசலுக்குத் தூக்கி வந்து வைக்கிறாள், மணம் பிடித்து வரட்டுமாம். இரவு சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

இது எவ்வளவு நாளைக்கு? திவசம் முடியட்டும் என்று நினைக்கிறேன். திவசம் முடிந்தால் என்ன சொல்லுவன்? நீ பெத்த பிள்ளையைத்தான்ரா ஏமாத்திறாய், விசரா.

செப்டம்பர் 28, ஞாயிறு

உடுப்புத் தோய்க்கிறது நான்தான். இன்றைக்கு அப்பாவுக்கு உதவி என்று அவள் கிணற்றடிக்கு எடுத்துப் போயிருக்கிறாள். தோட்டத்தால் வந்து பார்க்கிறேன், தோய்க்கிற கல்லில் என் சேட்டு. பக்கத்தில் வரிசையாக விதைகள். ஈரம்.

கேட்டாள். சொன்னேன். சாக்கு, வாய்க்கால், மருந்து, பப்பாசி மரம், எல்லாம். கூட்டிக் குறைக்காமல் சொன்னேன்.

விதைகளைப் பொறுக்கிக் கையில் எடுத்தாள். பிறகு சொன்னது இவ்வளவுதான்: "செத்தது நீங்கள் வேணுமெண்டு செய்தது இல்லை. எனக்கு விளங்குது. ஆனா நான் ஒவ்வொரு நாளும் சந்தோசப்பட்டன். நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்."

அந்தச் சேட்டை நானே அலசிக் காயப் போட்டேன்.

ஒக்ரோபர் 1, புதன்

ஓம். இல்லை. பசிக்கேல்லை.

ஒக்ரோபர் 9, வியாழன்

திவசம். ஐயர் வந்தார். காகம் கெதியாக வந்து சோற்றை எடுத்தது, குணலட்சுமிக்கு மனக்குறை ஒன்றும் இல்லை என்று சனம் சொன்னது. அவளுக்கு என்ன குறை என்று எனக்குத்தானே தெரியும்.

பின்னேரம் சாருஜா பையை எடுத்துக்கொண்டு சின்னம்மாவின் ஓட்டோவில் ஏறினாள். எள்ளுவின் கூட்டை என் கட்டிலடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். தாயின் துண்டுக்குக் கீழே பென்சிலால்: "ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்குக் கேப்பன்."

ஒக்ரோபர் 12, ஞாயிறு

பின்னேரம் சரியாக ஆறு மணிக்குப் போன் எடுக்கிறாள்.

"விட்டாச்சோ?"

"ஓம்."

"பக்கத்திலை இருந்தனீங்களோ?"

"ஓம் பிள்ளை."

வைக்க முன், "உண்மையாவோ?"

நாலு நாளும் இதே கேள்வி. நாலு நாளும் உண்மைதான். என்னண்டு காட்டிறது?

ஒக்ரோபர் 15, புதன்

எள்ளு தின்பது குறைவு. வெளியில் விட்டாலும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மூலைக்குள் போய் இருக்கிறது. கூட்டோடு சைக்கிளில் கட்டி மாட்டு டொக்டர் சிவகரனிடம் கொண்டு போனேன். பசுவோடு நின்ற சனம் சிரித்தது. சிரிக்கட்டும். "இதுகள் சோடியா இருக்கிற சாதி அண்ணை. தனிய விட்டால் கனகாலம் இராது. அரை மணித்தியாலம் காணாது, ஏலுமெண்டால் கூட நேரம் வெளியிலை விட்டுப் பக்கத்திலை இருங்கோ" என்றார்.

சாருஜாவிடம் அப்படியே சொன்னேன். "அப்ப ரண்டு மணித்தியாலம்" என்றாள்.

ஒக்ரோபர் 20, திங்கள்

தீபாவளி. அவள் வரவில்லை. ஆறு மணிக்குக் கோல் வந்தது.

வெங்காயம் நடுகிறோம். மருந்து வைக்காததால் எலி கனக்கத் தின்றுவிட்டது. தெற்குத் துண்டு இந்த முறை வெறுமைதான்.

ஒக்ரோபர் 24, வெள்ளி

கூட்டுக் கதவை இப்போது பூட்டுவதில்லை. அறைக் கதவும் சாக்கும் மட்டும். எள்ளு என் சாரத்து மடிப்புக்குள் வந்து படுக்கிறது. நேரம் பார்ப்பதில்லை. இரவுச் சாப்பாட்டையும் தரையிலேயே சாப்பிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று சாருஜாவிடம் கேட்டுப் பார்த்தேன். "எள்ளுவைப் பற்றிச் சொல்லுங்கோ" என்றாள்.

ஒக்ரோபர் 26, ஞாயிறு

விடிய எள்ளு அசையவில்லை. என் பழைய சேட்டுக்குள் சுருண்டபடி. காயம் இல்லை. சாக்கு அடைத்தபடியே இருக்கிறது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். இது இல்லையென்றால் ஆறு மணிக் கோலும் இல்லை. இரண்டு மூன்று கிழமைக்கு, சாப்பிடுது, ஓடுது என்று சொன்னால் ஆருக்குத் தெரியும்? அப்படி ஒரு நினைப்பு வந்தது. வரேல்லை எண்டு பொய் எழுத மாட்டன்.

ஆறு மணி வரைக்கும் வைத்திருக்கவில்லை. காலமை ஏழு மணிக்கே நான் போன் எடுத்தேன். உதயகலா தூக்கக் குரலில் எடுத்துப் பிள்ளையிடம் கொடுத்தாள்.

"சாருஜா, எள்ளு செத்துப் போச்சு. இப்பதான் பாத்தனான். என்ரை பக்கத்திலைதான் படுத்திருந்தது."

போனை வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன், வைக்கவில்லை. மூக்கை உறிஞ்சுவது கேட்டது. உண்மையாவோ என்று கேட்பாள் என்று காத்துக்கொண்டு நின்றேன். கேட்கவில்லை.

"தாட்டுப் போடாதேங்கோ அப்பா. நான் வாறன்."

கச்சானுக்குப் பக்கத்தில் புல்லைச் செருக்கித் துப்புரவாக்கி வைத்திருக்கிறேன். மண்வெட்டியைத் தொடவில்லை. அவள் வாற பஸ் பத்தரைக்கு.